கருப்புப் புள்ளிச் சீட்டு

மோகா ஊர்ப் பள்ளி நூலகத்தில் எவுசேபியோ சார் நாவல் படிக்க வைக்கும் முறையே தனி. கதை, சர்வாதிகாரி காலத்தில் வளரும் பதினைந்து வயதுப் பெண்ணுடையது. தெருவில் எவன் ஆள்காட்டி என்று தெரியாமல் அவள் பயந்து சாகிறாள். அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் வர வேண்டுமென்று சார் ஆளுக்கொரு மடித்த சீட்டு கொடுத்தார். கருப்புப் புள்ளி வந்தவர் மூன்று வாரம் மற்றவர்களை வேவு பார்த்து, பெயர் போடாமல் எழுதி, மேசைப் பெட்டியில் போட வேண்டும்.

புள்ளி தனில்டாவுக்கு வந்தது.

முதல் வாரம், உடன் படிக்கும் வில்க்கின் மூக்கு நோண்டுவதை எழுதினாள். சப்பென்றிருந்தது. அடுத்த வாரம், உயிர்த்தோழி நுர்கிஸ் மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டதை எழுதினாள். நடை நன்றாக அமைந்ததில் கொஞ்சம் கர்வம்கூட.

மூன்றாம் வாரம் சாருக்குக் காய்ச்சல். புகார்ப் பெட்டி என்று நினைத்துத் தலைமையாசிரியை அதைத் திறந்து, இருந்த இரண்டு தாள்களையும் பிள்ளைகள் முன்னால் சத்தமாகப் படித்துவிட்டார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு நேர்மையான பிள்ளையாவது இருக்கே" என்றார், தாளை ஆட்டியபடி. "யாரு எழுதினது? பாராட்டுப் பத்திரம் தரேன். நுர்கிஸ், நீ எந்திரி. கையெழுத்துப் போட்டியா இல்லையா? போட்டிருந்தா இன்னைக்கே டி.சி."

"போடல மேடம்." எழுந்துகொண்டே நுர்கிஸ் தனில்டாவின் காதில் முணுமுணுத்தாள். "எந்த நாய்டி எழுதிச்சு? வில்க்கினாத்தான் இருக்கும். மூஞ்சியப் பாரு."

"என்னைப் பத்தியும்தான் எழுதியிருக்கு" என்றான் அது காதில் விழுந்த வில்க்கின், பரிதாபமாக.

"உங்கம்மாவ வரச் சொல்லியாச்சு. அட்டையக் காட்டிக் கேட்டுக்கறேன்" என்றார் தலைமையாசிரியை, நுர்கிஸிடம்.

தனில்டா எழுந்தாள்.

"நான்தான் மேடம் எழுதினேன். சார் வச்ச விளையாட்டு." புள்ளிச் சீட்டை நீட்டினாள். "எதையாச்சும் எழுதணுமேன்னு கதை விட்டேன். இவ கையெழுத்து விஷயமும் பொய், வில்க்கின் மூக்கு விஷயமும் பொய்தான்."

வில்க்கின் அவளை நன்றியோடு பார்த்தான்.

தலைமையாசிரியை சீட்டை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். "அப்போ பொய்ப் புகார். அவங்கம்மா வர வேண்டாம். உங்கம்மா வரட்டும்." பாராட்டுப் பத்திரம் வீணான வருத்தத்தோடு போனார்.

தனில்டா மூச்சு விட்டாள். "தப்பிச்சடி."

நுர்கிஸ் அவளைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தக் கையெழுத்து விஷயத்த உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அதான் காப்பாத்திட்டேனே."

"ம்."

நுர்கிஸ் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய் வில்க்கின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.