யாரும் சாகாத திருப்பம்

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எந்த அலுவலகத்திலும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "உங்ககிட்ட சொல்லவே சங்கடமா இருக்கும்மா" என்பார்கள். முடியாது என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்வது. மூன்று வருடமாக இந்தச் சங்கடத்தைக் கேட்டுக் கேட்டு நூபியாவுக்குக் காது புளித்துவிட்டது.

அவள் என்ன மாளிகையா கேட்டாள்? பாலத்தடித் திருப்பத்தில் பேருந்து ஏறாமலிருக்கச் சைக்கிள் பாதையோரம் நாலு கான்கிரீட் தூண். முன்பு நட்ட பிளாஸ்டிக் குச்சிகளைப் பேருந்துகள் ஒரே மழைக்காலத்தில் ஏறி மிதித்துவிட்டன. மிச்சம் தரையில் ஒரு கோடு. கோட்டைப் பார்த்துப் பேருந்து நிற்குமா? அவள் மகள் யூலியெத் தினமும் அந்த வழியாகத்தான் நர்சிங் கல்லூரிக்குச் சைக்கிளில் போகிறாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் செய்தி அனுப்பும்வரை நூபியாவுக்குக் காப்பி தொண்டையில் இறங்காது.

கடைசியாகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனபோது, உயிர்ப்பலி நடந்த இடங்களுக்குத்தான் முதலிடம் என்றார்கள். உங்கள் திருப்பத்தில் இன்னும் யாரும் சாகவில்லையே என்று, அது ஏதோ அந்தத் தெருக்காரர்களின் குறை மாதிரிச் சொன்னார்கள்.

சைக்கிளில் போனவர் அடிபட்டுச் செத்த இடத்தில் ஒரு சைக்கிளுக்கு வெள்ளையடித்துக் கட்டிவைப்பது அந்த ஊர் வழக்கம். ஞாயிறு காலை, தெருவே கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளுக்கு வெள்ளையடித்துத் திருப்பத்து விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டினாள். பெயர் எழுதவில்லை. பெயரில்லாவிட்டால் பொய் இல்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பலன் உடனே தெரிந்தது. ஓட்டுநர்கள் அதைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்கள். சிலுவை போட ஒரு கை வேண்டுமே, அதற்காகவாவது வேகத்தைக் குறைத்தார்கள்.

ஆனால் ரொட்டிக்கடை ரொசால்பா சும்மா இருக்கவில்லை. செத்தவர் ஆன்மாவுக்காக அந்தக் கம்பத்தடியிலேயே நாற்காலி போட்டு ஒன்பது நாள் ஜெபமாலை தொடங்கிவிட்டாள். செத்தது சுருட்டை முடிப் பையன் என்றார் ஒருவர். அவனை நேரிலேயே பார்த்தேன் என்றார் இன்னொருவர். வாரம் முடிவதற்குள் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணும் கிடைத்து, எல்லோரும் அவளுக்காகவும் அழுதார்கள். நூபியா அவர்கள் கொடுத்த சூடான சாக்லேட் பானக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். உண்மை தெரிந்த யூலியெத் அவளை முறைத்தாள்.

ஒன்பதாம் நாள் ஜெபத்தின் நடுவே அலுவலகத்திலிருந்து ஃபாபியான் என்ற இளைஞன் வந்தான். மனுப் போட்டவள் என்பதால் நேராக நூபியாவிடம் போனான்.

"இந்த இடத்தைப் பட்டியல்ல சேர்த்துடலாம்மா. தூண் வந்துடும். இறந்தவர் பேரை மட்டும் சொல்லுங்க."

ஒரு பெயர். எதையாவது சொன்னால் போதும். நூபியா வாயைத் திறந்தாள். நாக்கில் வந்த ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு தாய் இருந்தாள். எதிரில் யூலியெத் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் திருப்பத்துச் சாவுக்குத் தன் வாயால் ஒரு பெயர் வைக்க நூபியாவால் முடியவில்லை.

"யாரும் சாகல தம்பி. நான்தான் கட்டினேன்."

ரொசால்பா ஜெபமாலையைக் கீழே வைத்தாள். "அப்போ ஒன்பது நாளா யாருக்குடி ஜெபம் பண்ணினோம்?"

"இனிமே சாகப்போறவங்களுக்குன்னு வச்சுக்க அக்கா."

ரொசால்பா தன் நாற்காலியை நூபியாவை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சாவோடு விளையாடியவள் என்று நூபியாவைத் திட்டிக்கொண்டே கூட்டம் கலைந்தது. பேருந்தைத் திட்ட அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ரொம்பச் சங்கடமா இருக்கும்மா" என்றான் ஃபாபியான். அப்படியென்றால் இடம் பட்டியலில் வராது, சைக்கிளையும் எடுத்தாக வேண்டும். சங்கிலியை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை பேருந்துகள் பழைய வேகத்தில் கோட்டின் மேலேயே திரும்பின. யூலியெத் வரும் நேரம் பார்த்து நூபியா சாலையில் இறங்கி, தூண் கேட்ட இடத்தில் கையை விரித்து நின்றாள். பேருந்து கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"சாகணும்னு வந்து நிக்கிறியாம்மா?"

"ஒருத்தர் செத்தாத்தான் தூண் வைப்பாங்களாம்" என்றாள் நூபியா. "என் பொண்ணு போகட்டும், அப்புறம் என் மேல ஏத்து."