அவள் சிரித்தாள் என்றவன்

பெண்களை வன்கொடுமை செய்துவிட்டு உள்ளே வந்தவர்களுக்கென்று சிறையில் புதன்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடந்தது. எதிரில் இருப்பவரின் முகம் பார்த்து மனதை அறிவது, வேண்டாம் என்றால் விலகுவது, இதையெல்லாம் அருணாதேவி மேடம் பழக்கிவிடுவார். பாண்டிச்செல்வம் உடம்பை மட்டும் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு நினைப்பில் விஸ்வநத்தத்துக்குப் போய்விடுவான்.

அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தவன். தீபாவளிக்குக் கடைசி லோடு ஏறியதும் எல்லோருமாக வேன் பிடித்து இருக்கன்குடி கோயிலுக்குப் போவார்கள். சாத்தூரில் நிறுத்தி வெள்ளரிப்பிஞ்சு வாங்குவார்கள். மிளகாய்ப்பொடி காரத்தில் கண்ணில் நீர் வழிய, பெண்கள் பாட்டெடுப்பார்கள். "அண்ணாச்சி, நீங்களும் பாடுங்க" என்பார்கள். அவனும் பாடுவான். வெளியே கரிசல்காடு ஓடும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி வேல்விழி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒரு நாள் சரக்கு அறைக்குள் அவளை மறித்துக் கதவைச் சாத்தினான். "அவ சிரிச்சா" என்று கோர்ட்டில் சொன்னான். மூன்று வருடமாகத் தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை மேடம் நடிக்கச் சொன்னார். "பாண்டிச்செல்வம், நீங்க வேலைக்கு வந்த பொண்ணு. முனியராஜ், நீங்க மேஸ்திரி. வாசலை மறிச்சு நில்லுங்க. தொடக் கூடாது."

முனியராஜ் ஆறடி ஆள். வாசலை அடைத்துக்கொண்டு, "அவசரமா எங்க போற? நில்லு" என்றான்.

நடிப்பு என்று தெரிந்தும் பாண்டிச்செல்வம் சுவரோரம் ஒதுங்கினான். "வழி விடுங்கண்ணே" என்றான்.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார் மேடம்.

சிரித்தது அவனுக்கே தெரியவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "சிரிச்சா விட்டுருவான்னு நெனச்சேன், மேடம்" என்றவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதன்பிறகு அவன் நினைப்பில் அந்த வேன் பழையபடி ஓடவில்லை. சரக்கு அறைச் சம்பவத்துக்கு முன் கடைசியாகப் போனபோதே வேல்விழி மட்டும் பாடாமல், சாப்பாட்டுக் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு சன்னலோரம் ஒடுங்கியிருந்ததும் சேர்ந்தே ஞாபகம் வந்தது.

அந்த மாதம் அக்கா செல்லத்தாய் பார்க்க வந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒன்னைய இங்கன தள்ளிட்டு அவ ஊருக்குள்ள நடமாடுறாளே. குழாயடியில வச்சு எல்லார் முன்னாடியும் நல்லாக் கேட்டு விட்டேன்" என்றாள்.

"யக்கா, அவளை ஒண்ணும் சொல்லாத. அவ சிரிக்கல, பயந்துபோயிட்டா. நாந்தான் பொய் சொன்னேன்."

"ஏலே, என்ன பேசுற?"

"குழாயடியில எல்லார் முன்னாடியும் ஏசினேல்ல? அங்கனயே இதையும் சொல்லு."

செல்லத்தாய் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் வந்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டே, "சொல்லிட்டேன்" என்றாள்.

வேல்விழி அதற்கு என்ன சொன்னாள் என்று கேட்கத் தோன்றியது. பாண்டிச்செல்வம் அதைக் கேட்கவில்லை.

"வெயில்ல வந்திருக்க. தண்ணி குடிச்சியா?" என்றான்.