வெட்டிவிட்ட எர்த் ஒயர்

பாகூரில் தமிழ்க்குமரனின் தென்னந்தோப்புக்குள் அந்தக் கேரவன் நின்றது. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடிய வண்டி, ஜீப்பில் மாட்டி இழுத்துப் போகிற வகை. கரும்பு போடுகிற தமிழ்க்குமரன் அதை வாங்கி, சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வைத்துப் புதுப்பிக்க ஆசை. எங்கே எந்த லைன் போவது என்று திட்டம் போட்டுக்கொடுக்க வில்லியனூரிலிருந்து ஆரோக்கிய ஜெனிபரைக் கூப்பிட்டிருந்தார்.

ஜெனிபர் ஏழு வருஷம் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் வேலை பார்த்தவள். இப்போது புருஷன் சேவியர்ராஜும் அவளும் சேர்ந்து வீடுகளுக்கு வயரிங் செய்கிறார்கள். இரண்டு பேருக்கும் லைசென்ஸ் உண்டு. அன்றைக்கு அவனுக்கு வேறு வேலை இருந்ததால் அவள் மட்டும் வந்தாள்.

நோட்டில் வண்டியின் நீள அகலத்தைக் கோடு போட்டு, ஏசிக்குத் தனி லைன், கீசருக்குத் தனி லைன், விளக்குகளுக்கு பேட்டரி என்று குறித்துக்கொண்டு, பழைய ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கக் கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளைவுட்டைக் கழற்றினாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. எலி மூத்திரம். மெத்தைப் பஞ்சையும் நைந்த துணியையும் யாரோ எறிந்த நாப்கினையும் குதறிக் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் ரோஸ் கலரில் கண் திறக்காத நாலு குட்டிகள் நெளிந்தன. அதற்கு மேலே ஒரு பெரிய எலி ஒயரைக் கவ்வியபடியே செத்துக் காய்ந்து, தோல் ஒயரோடு ஒட்டிப்போயிருந்தது. ஜெனிபர் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மேடம், செருப்பு போட்டுக்குனு எறங்கு. அந்தப் படி கடிக்கும்" என்றாள் வெளியே பெருக்கிக்கொண்டிருந்த விஜயகுமாரி. வண்டியைச் சுத்தம் செய்கிற வேலை அவளுடையது.

"கடிக்கும்னா?"

"சுருக்குங்கும். மழ நாள்ல தோள்பட்ட வரைக்கும் ஏறும்."

ஜெனிபர் இரும்புப் படியில் டெஸ்டரை வைத்தாள். எரிந்தது. வண்டி முழுக்கக் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தமிழ்க்குமரனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அவர் பதறவில்லை. "தெரியும் மேடம். அதுக்குத்தான் இந்தம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் குடுத்துட்டேன். கெஸ்டுக்கும் வாசல்ல நாலு ஜோடி வச்சிருக்கேன் பாருங்க."

நான்கு ஜோடியும் வரிசையாக, சுத்தமாக இருந்தன. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

"போன வாரம் ஒரு கொழந்த வந்துச்சு, வெறுங்காலோட" என்று விஜயகுமாரி தரையைப் பார்த்துச் சொன்னாள். "படியில கால வச்சதும் வீல்னு கத்துச்சு. எறும்பு கடிச்சிருக்கும்னு ஐயாதான் சொல்லச் சொன்னாங்க."

"எறும்புதாம்மா அது" என்றார் தமிழ்க்குமரன்.

எலிக்கூட்டைவிட அந்தச் செருப்பு வரிசைதான் ஜெனிபருக்கு அசிங்கமாகத் தெரிந்தது. உள்ளே போய், மெயின் போர்டின் மூடியைக் கழற்றினாள். கசிவை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் ஒயரைக் கட்டரால் சுத்தமாக வெட்டி, நுனியை மடித்து டேப் சுற்றியிருந்தது. கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகிற பிரேக்கருக்குக் குறுக்கே ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதையும் செயலிழக்க வைத்திருந்தது. மூடியின் உள்பக்கம் மார்க்கரில் ஒரு சின்னச் சிலுவை, பக்கத்தில் 'சே.ரா.', ஒரு தேதி.

எந்த வேலையை முடித்தாலும் மூடிக்குள் சிலுவை போட்டுத் தேதி எழுதுவது சேவியர்ராஜின் வழக்கம். அவள் வீட்டு மெயின் போர்டிலும் அதே கையெழுத்துதான்.

கசிவு எங்கே என்று தேடினாள். சுவர்த் தகட்டை இறுக்கிய ஒரு ஸ்க்ரூ உள்ளே போகும் ஒயரின் மேல்தோலைக் கீறியிருந்தது. அவ்வளவுதான்.

அவள் வீடு திரும்பியபோது சேவியர்ராஜ் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தான். சங்கரா மீன் குழம்பு. கையிலிருந்த மூடியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது... அந்த ஷூட்டிங் வண்டியா?" என்றான். "ஆமா ஜெனி. பிரேக்கரு ட்ரிப் ஆவிக்கினே இருந்துச்சு. நடிகை வெயில்ல நிக்கிறாங்கன்னு மேனேஜர் கத்துறான். சும்மா அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் வெட்டினேன். மறுநாள் வந்து சரி பண்றேன்னுதான் சொன்னேன்."

"போனியா?"

"அவன் கூப்புடல." முள்ளை வாயில் வைத்து உறிஞ்சித் தட்டோரம் வைத்தான்.

"ஒரு ஸ்க்ரூ சேவியர். அத கழட்டி நாலு விரல் தள்ளிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"யாருக்கும் ஒண்ணும் ஆவல இல்ல?"

குழந்தை கத்தியதைச் சொன்னாள். அவன் கை நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. "எல்லாரும் பண்றதுதான்டி. எந்த வயர்மேன வேணா கேளு."

ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தில் எர்த் பாடம் படித்தவர்கள் இருவரும். குழம்பு வழிகிற அந்த விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வேற எங்கெங்க வெட்டின?"

அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்தான்.

"வேற எங்க சேவியர்?"

"நல்லவாட்டுல... மீன்காரங்க ஐஸ் ரூம்பு. அது ஒண்ணுதான்."

எப்போதும் தண்ணீர் நிற்கிற தரை. வெறுங்காலோடு மீன் கூடை தூக்கும் பெண்கள். ஜெனிபர் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள். "கை கழுவு. கெளம்பு."

பைக்கை அவள் ஓட்டினாள். ஐஸ் ரூமின் மெயினை அணைத்தபோது உள்ளே இருந்த பெண்கள், மீன் கெட்டுவிடும் என்று திட்டினார்கள். அதில் ஒருத்தி, "இன்னாத்துக்கு நிறுத்துற? கதவத் தொட்டா கொஞ்சம் ஷாக்கு இழுக்கும், அவ்ளோதான். எங்களுக்குப் பழகிடுச்சு" என்றாள். சேவியர்ராஜ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்டியிட்டு எர்த்தைச் சேர்த்தான். சரியாகச் செய்தான். சரியாகச் செய்யத் தெரிந்தவன் என்பதுதான் ஜெனிபருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் பாகூருக்குப் போனார்கள். "இந்த வாரம் புக்கிங் இருக்கு மேடம்" என்று தமிழ்க்குமரன் இழுத்தார்.

"கேன்சல் பண்ணுங்க. பழைய ஒயர் ஒரு அடிகூட உள்ள இருக்கக் கூடாது. மொதல்ல எர்த் குழி, அப்புறம்தான் ஏசி. அந்தக் கொழந்த வூட்டுக்கு இன்னிக்கே போன் பண்ணி, கடிச்சது எறும்பு இல்லன்னு சொல்லணும். முடியாதுன்னா வேற ஆள வச்சிக்கங்க. ஆனா இங்க இன்னா இருந்துச்சு, யாரு பண்ணதுன்னு நான் எழுதி மின்துறையில குடுத்துடுவேன். எங்க வூட்டுக்காரர் பேரையும் சேத்துதான்."

தமிழ்க்குமரன் சேவியர்ராஜைப் பார்த்தார். அவன் தலை குனிந்தே இருந்தது. அவர் தோப்பின் ஓரத்துக்குப் போய் போன் பேசினார். 'எறும்பு இல்லீங்க' என்பதைத் தவிர எதுவும் காதில் விழவில்லை. திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது.

பழைய ஒயர் முழுவதையும் சேவியர்ராஜ்தான் உருவினான். கூட்டை அள்ளும்போது இரண்டு தடவை வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தான். விஜயகுமாரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெனிபர் மரத்தடியில் உட்கார்ந்து திட்டத்தைத் திரும்ப வரைந்தாள்; எழுந்து போகவில்லை.

வேலை முடிய மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள். அவன் ஒரு போர்டை மூடி இறுக்கினால், அவள் அதைத் திறந்து பார்த்த பிறகுதான் லைன் கொடுக்கிறாள். வீட்டுக்காரர்கள் எதிரிலேயே.

திருக்கனூரில் ஒரு வீட்டில் அவன் கேட்டுவிட்டான். "இன்னும் எத்தினி நாளைக்கு இப்படி ஜெனி?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவருக்காகக் கை நீட்டினாள்.