ஆளில்லாத வீட்டுக்கான ஸலாம்

எங்கள் வீட்டில் மதியத் தூக்கம் சோம்பேறித்தனம் இல்லை, சுன்னத்; நபி காட்டிய வழக்கம். லுஹர் தொழுது, சாப்பிட்டு, முன்னறையில் பாய் விரித்துக் கொஞ்ச நேரம் கண்ணசந்தால் அதற்கும் நன்மை உண்டு என்பதில் எனக்கும் மதினிக்கும் ஒருபோதும் சண்டை வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்திருக்கிறது. தண்ணீரை உட்கார்ந்து மூன்று மூச்சில் குடிப்பதுதான் நபிவழி. நான் குடிப்பது இரண்டரை மூச்சு என்று பக்கத்தில் நின்று எண்ணுவார். வலது காலை முதலில் செருப்பில் நுழைக்க மறந்தால், பஸ் வந்து நின்றாலும் சரி, திரும்பக் கூப்பிட்டுவிடுவார்.

மைமூன் மதினி என் கணவர் பீர்மைதீனின் அக்கா. கட்சால் தீவில் புருஷனோடு பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சுனாமியில் கடையும் போனது, புருஷனும் போனார். அப்போதிலிருந்து இந்தத் தீவில், சிப்பிகாட்டில் எங்களோடுதான் இருக்கிறார். இங்கும் அதே கடல்தான் அன்று வயலுக்குள் ஏறி, திரும்பிப் போக மறந்துவிட்டது. நெல் இருந்த இடத்தில் உப்புத் தண்ணீரும் வெள்ளைக் கொக்குகளும். அந்தப் பக்கத்து ஜன்னலை மதினி திறக்க விடமாட்டார். கப்பல் பேச்சே ஆகாது. மெயின்லேண்டில், மேலப்பாளையத்தில் அவருடைய சின்னத் தம்பி மகன் கல்யாணத்துக்கு விமானத்தில் போகலாம் என்றோம். அதுவும் தண்ணிக்கு மேலேதானே பறக்குது என்றுவிட்டார்.

அப்படிப்பட்டவர், நாளைக் காலைக் கப்பலில் மெயின்லேண்டுக்கே போய்விடப் போகிறார். காரணம் நான். இல்லை, என் கனவு.

போன வாரம் ஒரு மதியம் நான் கெட்ட கனவு ஒன்று கண்டேன். என்ன கனவு என்று கேட்காதீர்கள். கெட்ட கனவை யாரிடமும் சொல்லக் கூடாது. இடது பக்கம் மூன்று முறை எச்சில் தெறிக்காமல் துப்பி, ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டால் அது நம்மை ஒன்றும் செய்யாது. நபியவர்கள் காட்டித் தந்த வழி. நான் "மதினீ!" என்று அலறிக்கொண்டு விழித்தேன். சுன்னத் ஞாபகம் வந்தது, அதுவரை சரி. இடது பக்கம் திரும்பி தூ, தூ, தூ என்றேன். அந்தப் பக்கம் மதினி படுத்திருப்பதுதான் ஞாபகம் வரவில்லை.

என் அலறலில் அப்போதுதான் கண் திறந்த முகத்தில் மூன்றும் விழுந்தன. எச்சில் தெறிக்கக் கூடாது என்பது சட்டம்; நடுங்கிக்கொண்டிருப்பவளுக்கு அவ்வளவு நுணுக்கம் வராது.

"ஏ புள்ள, க்யா ஹுவா? என்னயக் கூப்புட்டு என் மூஞ்சிலயே துப்புறியா?"

"கெட்ட கனவு, மதினி."

"என்ன கனவு? நான் வந்தேனா?"

வந்தார். அவர் வந்ததால்தான் அது கெட்ட கனவு. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன ஆவேன் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதைச் சொன்னால் கனவைச் சொன்னது போலாகிவிடும்.

"சொல்லக் கூடாதுல்லா மதினி, ஒங்களுக்குத் தெரியாததா?"

"துப்புறது ஷைத்தானுக்கு. மத்லப், ஒன் கனவுல வந்த ஷைத்தான் நான்தான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அச்சா."

இந்தத் தீவில் "அச்சா" என்பதை எத்தனையோ விதமாகச் சொல்வார்கள். அது கதவைச் சாத்துகிற அச்சா.

அதன் பிறகு மதினி பேசாமலும் இல்லை, பேசவும் இல்லை. முஸ்லிம்கள் மூன்று நாளுக்கு மேல் முகம் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது, முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்று ஹதீஸ் இருக்கிறது. அதை மீறுகிற ஆளா அவர்? வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் நின்று சத்தமாக ஸலாம் சொல்வார். ஆனால் 'உங்கள் மீது' என்று எனக்குச் சொல்லும் "அலைக்கும்" இல்லை. "அஸ்ஸலாமு அலைனா, வஅலா இபாதில்லாஹிஸ் ஸாலிஹீன்." எங்கள் மீதும் அல்லாஹ்வின் நல்லடியார்கள் மீதும் ஸலாம். ஆளே இல்லாத வீட்டுக்குள் நுழையும்போது சொல்ல வேண்டிய ஸலாம் அது. நான் அடுப்படியில் மலை மாதிரி நிற்கிறேன், மதினி காலி வீட்டுக்கு ஸலாம் சொல்லிவிட்டு என்னைக் கடந்து போவார். இதைவிட அவர் என்னை ரெண்டு அறை அறைந்திருக்கலாம். அந்த நாட்களில், நான் உண்மையிலேயே இந்த வீட்டில் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பாத்திரம் விளக்கும் சத்தம்கூட வேறு யாரோ விளக்குவது போல் எங்கிருந்தோ கேட்டது.

பிறகுதான் தம்பியிடம் கேட்டார். "எனக்கு ஷிப் டிக்கெட் எடு. சின்னவன் வீட்ல இருந்துக்கிடுதேன்."

பீர்மைதீன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டிக்கெட் வந்துவிட்டது.

இன்று மதியம் பாயில் நான் மட்டும் படுத்தேன். இடது பக்கம் காலியாக இருந்தது. தூக்கம் வராது என்று நினைத்தேன், வந்தது. கூடவே இந்தக் கனவும்.

வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. சுனாமியன்று வந்த அந்தத் தண்ணீர் இல்லை. மெதுவாக, அனுமதி கேட்டுக்கொண்டு வருகிற தண்ணீர். வாசற்படியில் கொஞ்சம் நிற்கிறது, பிறகு உள்ளே வருகிறது. பூட்டியே கிடக்கும் ஜன்னல் திறந்திருக்கிறது. கொக்குகள் முன்னறையில் நடக்கின்றன, அடுப்படியை எட்டிப் பார்க்கின்றன. கட்டிலில் மதினி. நான் கணுக்கால் தண்ணீரில் நின்று அள்ளி அவர் கையில் ஊற்றுகிறேன். அவர் குடிக்கிறார், மூன்று மூச்சில். "உப்பே இல்ல, புள்ள" என்கிறார். எங்கும் சத்தமில்லை, வெளிச்சம் மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கிறது.

விழித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். நல்ல கனவு. ஆனால் நல்ல கனவுக்கும் ஒரு சட்டம் உண்டு: பிரியமானவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். அதுவரை கனவு ஒரு பறவையின் காலில் இருக்கிறது. விளக்கம் சொன்னதும் விழுந்துவிடும், சொன்னபடியே பலித்துவிடும்.

துணி எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டு பிரிஸ்கில்லா வேலிக்கு மேல் பார்த்தாள். "என்னக்கா, மூஞ்சில ஒரே லைட்டு?" வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பிரிஸ்கில்லாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கனவுக்கு ஒரே ஆள்தான். அவரிடமோ, தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? கெட்டதாக விளக்கம் சொல்லிவிட்டால்? காலடியில் போட்டு மிதித்துவிட்டால்?

ஆனாலும் போனேன். மதினி உள்ளறையில் கடைசிச் சேலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, நல்ல கனவு ஒண்ணு கண்டேன்."

கை நின்றது. திரும்பவில்லை. "அதப் பிரியப்பட்டவங்ககிட்டல்லா சொல்லணும்?"

"அதான் வந்திருக்கேன்."

சேலையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் சொன்னேன். தண்ணீர் என்ற இடத்தில் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி இறுகியது. நான் நிறுத்தவில்லை, கொக்கு, ஜன்னல், மூன்று மூச்சு, உப்பே இல்ல, எல்லாம் சொன்னேன்.

"நான் கெளம்பிப் போனேனா, அந்தத் தண்ணியில?"

"இல்ல மதினி. கட்டில்ல இருந்தீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. விளக்கம் சொன்னா விழுந்துரும்."

"இருந்தீங்க."

"அப்ப இருக்கேன்," என்றார்.

எழுந்து முற்றத்துக்குப் போனார். அங்கே பீர்மைதீன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, கயித்த அவுரு. டிக்கெட்ட கேன்சல் பண்ணு. சலோ, சீக்கிரம்." அவர் ஏன் என்று கேட்கவில்லை; எங்கள் வீட்டு ஆம்பிளைக்கு அந்த அளவு அறிவு உண்டு.

மதினி திரும்பி வந்தார். வாசலில் நின்று, வலது காலை உள்ளே வைத்து, என்னை நேராகப் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கண்ணீர்தான் வந்தது.

"ஏ தௌலத்து, ஸலாம் சொல்றது சுன்னத்து. பதில் சொல்றது கடமை. மொதல்ல அதச் சொல்லு, அழுகையெல்லாம் பெறவு."