ஒருநாள் விடுப்பு

குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அப்பாவின் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் மகள். திறக்கும் எண் தெரியும்; அவள் பிறந்த வருஷம்தான். அவசரத்தில்தான் தப்புத் தப்பாக விழுந்து தொலைத்தது. வெளியே சித்தப்பா இரண்டாவது தடவையாகக் கதவைத் தட்டினார். டிப்போ ஆட்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம், நம்பரெல்லாம் அண்ணன் போனில்தான் இருக்கிறதாம். அப்பாவைக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“ரெண்டு நிமிஷம் சித்தப்பா” என்றாள்.

அழிக்க வேண்டியது காலையில் வந்த ஒரு செய்தியும் அதற்கு அவள் போட்ட பதிலும்தான். அம்மா கண்ணில் பட்டால் தீர்ந்தது.

அப்பா பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே பால்கனியில் நின்றுகொண்டு, எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்லிச் சொல்லி அம்மாவின் உயிரை வாங்க ஆரம்பித்தார். மனுஷனை இப்படியே விட்டால் ஆகாது என்று மகள்தான் களத்தில் இறங்கினாள். முதலில் ஓவிய வகுப்பு. அவர் வரைந்த குதிரையைப் பார்த்து, நாய் நன்றாக வந்திருக்கிறது என்று வாத்தியாரே பாராட்டினார். பிறகு சதுரங்கம், எதிராளி யோசிக்கிற நேரத்தில் இவர் தூங்கிப்போனார். கடைசியில் டேபிள் டென்னிஸ்தான் ஒட்டிக்கொண்டது. ஆனால் எந்த வகுப்பானாலும் வாரத்தில் இரண்டு நாளாவது, வேறு வீட்டில் இருக்கும் மகளின் போனுக்கு விடுப்பு விண்ணப்பம் வந்துவிடும். ‘மேலதிகாரி அவர்களுக்கு’ என்று தொடங்கி ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடியும். முழங்கால் வலி, தூரத்து உறவில் கல்யாணம், ஒருமுறை கனவில் பல்லி. அவள் ஒரே வரியில் நிராகரிப்பாள். அவரும் சமர்த்தாகக் கிளம்பிவிடுவார்.

இன்று ஏழரைக்கு வந்தது: ‘நெஞ்சில் லேசான வலி இருப்பதால் ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

அவள் பதில்: ‘காரணம் ஏற்கத்தக்கதல்ல. உடனே பணிக்குச் செல்லவும்.’

எட்டேகாலுக்கு ஆட்ட மேஜைக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். முன்னாடி வலி ஏதாவது சொன்னாரா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, இல்லை என்று கூசாமல் பொய் சொன்னாள். அப்பாவை அனுப்பி வைத்தவள் அவள்தானே.

மறுபடி தட்டல். இந்தத் தடவை அம்மா. திறந்ததும் உள்ளே வந்து, அம்மாவே தாழ்ப்பாளைப் போட்டாள்.

“காலைல அனுப்பின லெட்டர் அதுல இருக்கும். அதை அழிச்சிடு.”

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள் மகள்.

“நெஞ்சுன்னு எழுதச் சொன்னது நான்தான்” என்றாள் அம்மா. “முழங்காலையே எத்தனை தடவை எழுதுவீங்க, நெஞ்சுன்னு போடுங்க, அப்பவாவது கெடைக்குதா பாப்போம்னேன். என் நாக்குல தீய வெக்க.”

“அப்ப, நிஜமா வலிக்கலையா?”

“தெரியலையே. வலிச்சு எழுதினாரா, நான் சொன்னேன்னு எழுதினாரான்னுதான் காலைலேர்ந்து மண்டைய ஒடச்சுக்கறேன். அந்த லெட்டர எழுதறதுதான் அவருக்குப் பொழுதே. முந்தின நாளே காரணம் தேட ஆரம்பிச்சிடுவாரு.” போனைக் காட்டிக் கேட்டாள். “நீ என்ன பதில் போட்ட?”

பொய் சொல்லியிருக்கலாம். மகள் போனை நீட்டினாள். கண்ணாடி இல்லை, நீயே படி என்றாள் அம்மா. மகள் படித்தாள்.

“இதுக்குத்தானா அப்படிச் சிரிச்சாரு?” என்றாள் அம்மா மெதுவாக. “ஷூ லேசக் கட்ட முடியல, அவ்வளவு சிரிப்பு. என்னன்னு கேட்டேன். மேலதிகாரி ரொம்பக் கண்டிப்பு, நேரத்துக்குப் போகலேன்னா வேலை போயிடும்னாரு. கீழ்ப்படி வரைக்கும் சத்தம் கேட்டுது.”

சித்தப்பா மூன்றாவது தடவையாகத் தட்டினார். அம்மா கதவைத் திறந்து, போனை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். பிறகு திரும்பி, முந்தானையால் மகளின் முகத்தை, பள்ளிக்கூடம் அனுப்பும்போது துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தாள்.

“வா. வந்தவங்க நிக்கிறாங்க” என்றாள்.