ஓட்டையை மூடிய ஸ்டிக்கர்

ஏழு வருஷமாகத் தம்பி முகத்தில் விழிக்காத அக்கா, அன்று காலை அவனுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைப் படியேறினாள். வேறு வழியில்லை. அப்பா எழுதி வைத்துப் போன பிளாப்பி டிஸ்க்கைப் படிக்கிற பழைய கம்ப்யூட்டர் அவனிடம்தான் இருந்தது. ஏழு வருஷம் முன்பு அப்பாவின் ஆபரேஷன் நாளில், வேலைதான் பெரிது என்று இவள் வெளியூர் போனாள். அவர் இவளிடம் பேசாமலே போய்ச் சேர்ந்தார். அதோடு அக்கா தம்பி பேச்சும் நின்றது. இந்த பிளாப்பியைத் தம்பி போன வாரம்தான், அலமாரியில் கிடைத்ததென்று ஆள்மூலம் கொடுத்தனுப்பியிருந்தான். லேபிளில் அப்பாவின் கையெழுத்து: 'பெரியவளுக்கு'. அவர் மன்னித்தாரா இல்லையா என்பது அதற்குள் இருந்தது.

தம்பி, 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. டிரைவின் வாயைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே பேசினான். "பிளாப்பி பழசு. முதல்ல காப்பி எடுக்கணும், அப்புறம்தான் படிக்கணும். ஒரே டிரைவ். கம்ப்யூட்டர் முதல்ல ஒரிஜினல் பிளாப்பியைக் கேட்கும், அடுத்து காலி பிளாப்பியைக் கேட்டு அதுல எழுதும்."

"எனக்குப் பாடம் எடுக்காதே. நீ பிளாப்பியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நான் ஆபீஸ்ல டைப் அடிச்சவ." பையிலிருந்து ஸ்டிக்கர் எடுத்து, பிளாப்பி மூலையிலிருந்த சின்ன ஓட்டையை மூடி அழுத்தித் தேய்த்தாள். "பூட்டியாச்சு. இனி உன்னால அழிக்க முடியாது."

"அக்கா, அதைப் பிரி. உங்க ஆபீஸ் பெரிய பிளாப்பிக்குத்தான் மூடினா பூட்டு. இந்தச் சின்னதுல ஓட்டை திறந்திருந்தாத்தான் பூட்டு. அப்பா பூட்டித்தான் வச்சிருந்தார்."

யார் காதில் பூச்சுற்றுகிறான்? அழிக்க வழி தேடுகிறவன் இதைத்தானே சொல்வான்? பிடித்தால் ஒரே பிடி, அதுதான் அவள். "நீ எழுந்திரு" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் காப்பிக்கான கட்டளையை அடித்துவிட்டு நகர்ந்தான்.

திரை முதல் பிளாப்பியைக் கேட்டது. அவள் காலியைப் போட்டாள்.

"என்ன பண்றே?"

"உன் டப்பா பிளாப்பியைக் கடிச்சு வைக்குதான்னு பார்க்கறேன். நீ வாயை மூடு."

டிரைவ் கரகரவென்று ஓடியது. பழுதில்லை. திரை அடுத்ததைக் கேட்டது. அப்பாவினுடையதைச் செருகினாள்.

"அழுத்தாதே, காலியை அப்பாவோடது மேலேயே எழுதிடும்" என்று கையை நீட்டினான். அந்தக் கையைத் தட்டிவிட்டு என்டர் பட்டனை அழுத்தினாள். பூட்டுத்தான் போட்டிருக்கிறதே.

ஒரு நிமிஷம் ஓடியது. பிறகு திறந்து பார்த்தால் பிளாப்பியில் ஒன்றுமேயில்லை. துடைத்து வைத்திருந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீதான்டா ஏதோ பண்ணிட்டே."

"ஸ்டிக்கர் ஒட்டினது யாரு? பட்டனை அழுத்தினது யாரு?"

அவன் பஞ்சைக் குப்பையில் போட்டான்.

"அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அப்பா செத்த மாசமே படிச்சிட்டேன்."

"எனக்கு எழுதினதையா? ஏழு வருஷம் ஒளிச்சு வச்சிருந்தியா?"

"ஆமா. உனக்குத் தரவே கூடாதுன்னுதான் வச்சிருந்தேன். மனசு கேட்கலை, அனுப்பினேன். மூணே வரி. கோபம் இல்லம்மா, வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போன்னு எழுதியிருந்தார்."

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகமா என்று தேடினாள், நிஜம் சொல்கிறவன் முகமா என்றும் தேடினாள். இரண்டு தடவை அவன் சொன்ன நிஜத்தை நம்பாதவளுக்கு, இப்போது அவன் வாய்வார்த்தையைத் தவிர அப்பாவிடமிருந்து எதுவும் மிச்சமில்லை. அதையும் அவளால் நம்ப முடியவில்லை.