தேய்க்காத விரிப்பு

சலவை ஆலையில் அவள் கணவருக்குக் கஞ்சியண்ணன் என்று பேர். சட்டைக் காலருக்குப் போடுகிற கஞ்சியை எடுத்து அவரே குடித்துவிட்டாரோ என்று தோன்றும்படி முதுகு விறைத்து நிற்பார். அவர் இஸ்திரிப் பிரிவு, அவள் மடிப்பு மேசை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஆலயத்தில் பின்வரிசை. முதலாளியும் அதே ஆலயம்தான். அவருக்கு முன்வரிசை.

ஆலயத்தின் வெள்ளைத் துணிகள் எல்லாம் முதலாளியின் ஆலையில்தான் வெளுக்கும். திருவிருந்து மேசையின் விரிப்பு, பாடகர்களின் அங்கிகள், சவப்பெட்டிக்கு மேல் போர்த்துகிற நீளத் துணி என்று எதற்கும் அவர் காசு வாங்கியதில்லை. மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து நடக்கும்போது போதகர் அறிவிப்பில் அவருக்கு நன்றி வாசிப்பார். முதலாளி தலையைத் தாழ்த்திக்கொள்வார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் துணிகள் தொட்டிக்குள் இறங்குவது சனிக்கிழமை சங்கு ஊதி, எல்லாரும் கார்டு அடித்து முடித்த பிறகுதான். அதற்கப்புறம் செய்கிற வேலைக்குக் கூலி கிடையாது. சோப்பு முதலாளியுடையது, உழைப்பு இவர்களுடையது, காணிக்கை மட்டும் அவர் பேரில்.

கணவர் கேட்காமல் இல்லை. மேலாளர் சிரித்துவிட்டார்.

"ஆண்டவர் வேலைக்கும் கூலி கேப்பியாக்கும்?"

"ஆண்டவர் கேட்டா சும்மாவே செய்வேன் சார். கேக்கறது முதலாளி."

அந்தச் சனிக்கிழமை அவர் மேசை விரிப்பைத் தேய்க்கவில்லை. காய்ந்தபடியே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். திருவிருந்து மேசையை ஆயத்தம் செய்கிற பொறுப்பு பல வருஷமாக அவளுடையது.

இருவருக்கும் ஒரே ஆலையில் பிழைப்பு. ரெண்டு பேர் வேலையும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும் என்று பொரிந்து தள்ளினாள். மகளின் படிப்பைச் சொன்னாள், வாடகையைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நான் தேய்க்க மாட்டேன்னுதான் சொன்னேன். உன்னைத் தேய்க்காதேன்னு சொல்லலையே. உன் கை, உன் இஷ்டம்."

ஞாயிறு காலை ஆலயத்தின் பின்னறையில் அவள் இஸ்திரிப் பெட்டியைச் செருகிச் சூடேற்றிவிட்டாள். விரிப்பையும் விரித்தாள். நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது, யாருக்கும் தெரியாது. அப்போதுதான் மடிப்பு மேசையில் தன் பக்கத்தில் நிற்கிறவளின் நினைவு வந்தது. அவளுக்குக் கைக்குழந்தை. முந்தின நாள் சங்கு ஊதிய பிறகு அங்கிகளை மடித்துக்கொண்டே நின்றபோது பால் கட்டி, ரவிக்கை நனைந்து, அதை மறைக்க ஓர் அங்கியையே மாரோடு அணைத்துக்கொண்டாள். வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருந்திருக்கும். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டுதான் இன்றைக்குப் பாடப்போகிறார்கள்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். விரிப்பைச் சுருக்கமும் கசங்கலுமாகவே கொண்டுபோய் மேசையில் போட்டாள். பின்வரிசையில் கணவர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போதகர் கிண்ணத்தை வைத்தார். அது சுருக்கத்தின் மேல் நின்று ஆடியது. ஓரமாக நின்றவளைப் பார்த்து, என்னம்மா இது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவளுக்குத் தாழ்ந்த குரல் வரவில்லை.

"தேய்க்கலைங்க ஐயா. தேய்க்கறவங்களுக்கு அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாம தேய்ச்சதை இந்த மேசையில விரிக்க எனக்குக் கை வரலை."

முன்வரிசைக்கு நன்றாகவே கேட்டது. போதகர் வேறு துணி கேட்கவில்லை. ஆராதனை முடியும்வரை ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். அறிவிப்பு நேரம் வந்தபோது நன்றித் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் முதலாளி கணவரை மறித்தார். நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கிட்டியே என்றார்.

"இல்லைங்க. காணிக்கையில எங்க பேரு விட்டுப்போச்சு. அதைத்தான் சேர்த்தோம்."

திங்கட்கிழமை அவரை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரித் துணியும் விடுதித் துணியும் மலைபோல் வந்து விழுகிற அறை. போனார். ஊரார் அழுக்கெல்லாம் இப்போ என் கையிலதான் என்று வீட்டில் வந்து சிரித்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை சங்கு ஊதியதும் தொட்டிக்காரர்கள் கார்டு அடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார்கள். மடிப்பு மேசைப் பெண்களும் போனார்கள், கைக்குழந்தைக்காரிதான் முதலில். ஆலயத் துணி கூடையிலேயே கிடந்தது. பாடகர்கள் சில மாதம் கசங்கிய அங்கியில் பாடினார்கள். ராகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கடைசியில் ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது: ஆலயத் துணிகள் இனி வேலை நேரத்திலேயே, கூலியோடு.

கணவரை மட்டும் இஸ்திரிக்குத் திரும்ப அழைக்கவே இல்லை. கடைசிவரை அழுக்கறைதான். அதற்காக அவர் முதுகு வளைந்ததாக யாரும் சொல்ல முடியாது.

போன மழைக்காலத்தில் அவர் இறந்தார். பெட்டியை ஆலயத்துக்குள் கொண்டுவந்தபோது அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. கத்தி முனை போல மடிப்பு, ஒரு சுருக்கம் கிடையாது. அழுதுகொண்டிருந்தவளின் கை தன்னையறியாமல் அதைத் தடவிப் பார்த்தது. யார் தேய்த்தது என்று கேட்டாள்.

கைக்குழந்தைக்காரிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவள் குனிந்து காதோரம் சொன்னாள்.

"நாங்கதான்க்கா. பயப்படாதீங்க, கூலி வாங்கிட்டுத்தான் தேய்ச்சோம். இல்லேன்னா அண்ணன் எந்திரிச்சு உக்காந்துருவாரு."

அவள் சிரித்துவிட்டாள். கணவரின் பெட்டி முன்னால் நின்று சிரிக்கிறாளே என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு பெட்டியின் பின்னால் நடந்தாள்.